பரப்பே இல்லாத செவ்வகம்

நான்கு புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து, அவற்றை இணைத்தால் கிடைக்கும் நாற்கரம் எந்த வகை என்று கேட்பது நம் பள்ளிக் கணக்கில் நிலைபெற்றுவிட்ட வினா. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலும் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலும் தொலைவுச் சூத்திரத்தைக் கற்பித்த கையோடு இந்த வகைக் கணக்கு வந்துவிடுகிறது. விடை எழுதும் முறையோ ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. நான்கு பக்கங்களின் நீளத்தைக் கண்டுபிடி, இரண்டு மூலைவிட்டங்களின் நீளத்தைக் கண்டுபிடி, எது எதற்குச் சமம் என்று பார், பொருந்தும் பெயரை எழுது. நான்கு பக்கமும் சமமாகி மூலைவிட்டங்களும் சமமானால் சதுரம். பக்கங்கள் மட்டும் சமமானால் சாய்சதுரம். எதிர்ப்பக்கங்கள் சமமாகி மூலைவிட்டங்களும் சமமானால் செவ்வகம். மூலைவிட்டங்கள் ஒத்துவராவிட்டால் இணைகரம். இந்தச் சடங்குக்கு உண்மையான பலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பலம் எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதை அது மாணவரிடம் சொல்வதில்லை. அதனால் கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலேயே தவறான பெயரில் கொண்டுபோய் விட்டுவிடவும் அதனால் முடிகிறது. புள்ளிகளின் வரிசையை முதலிலும், மூலைவிட்டங்களின் நடுப்புள்ளியை அடுத்தும், நீளங்களைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்; இப்போது வகுப்பறையில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பலத்தைப் பேசிவிடுவது நியாயம். வடிவங்களை அடையாளம் காண்பதில் கண் ஒரு மோசமான சாட்சி. பக்கம் தரையில் படிய நிற்கும் சதுரத்தைச் சதுரம் என்று சொல்லும் பிள்ளை, அதையே திருப்பி ஒரு முனையில் நிறுத்தினால் டைமண்ட் என்கிறது. 1957-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளை அளித்த ஆசிரியத் தம்பதியான பியர் வான் ஹீலேயும் டினா வான் ஹீலே-கெல்டோஃபும் வடிவியல் கற்றலைப் படிநிலைகளாகப் பிரித்தபோது, தோற்றத்தை வைத்துப் பெயர் சொல்வதைத்தான் அடிப்படியில் வைத்தார்கள். பண்புகளை வைத்துப் பெயர் சொல்வது அதற்கு மேற்படி. ஆயத்தொலைவு வினா பிள்ளையை ஒரே தள்ளில் அந்த மேற்படிக்கு ஏற்றுகிறது. (1,2), (4,3), (3,6), (0,5) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமும் அச்சுக்கு இணையாக இல்லை. ஆனால் பக்கங்களின் வர்க்கம் நான்கும் 10, மூலைவிட்டங்களின் வர்க்கம் இரண்டும் 20. சாய்ந்து நின்றாலும் சதுரம் சதுரம்தான் என்பதை எண்கள் சொல்லிவிடுகின்றன. மாறாக (0,0), (9,2), (7,11), (−2,8) என்ற நான்கையும் வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். கண் தயங்காமல் சதுரம் என்று சொல்லும். பக்கங்களின் வர்க்கங்களோ 85, 85, 90, 68. இது சதுரமும் இல்லை, இணைகரமும் இல்லை, எந்தச் சிறப்புப் பெயருக்கும் உரியதில்லை. கண்ணின் தீர்ப்பை எண்ணைக் கொண்டு மறுக்க முடியும் என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட எளிய வழி பள்ளிக் கணக்கில் இல்லை.

இன்னொரு பலமும் உண்டு. அதைப் பாடநூல்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. யூக்ளிடின் வழியில் ஒரு நாற்கரத்தைப் பற்றி எதையாவது நிறுவ வேண்டுமானால், எந்தக் கோட்டை நீட்டுவது, எந்த முக்கோணத்தை எதோடு ஒப்பிடுவது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டும். 1637-இல் வெளிவந்த தன் வடிவியல் நூலில் டெக்கார்ட் தொடங்கிவைத்த வழி அந்தச் சுமையை இயற்கணிதத்தின் தோளுக்கு மாற்றியது. எந்த நாற்கரத்தின் பக்கங்களுடைய நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தாலும் இணைகரமே கிடைக்கும் என்ற வாரிக்னானின் தேற்றம் 1731-இல், அவர் மறைந்த பிறகு, அச்சேறியது. ஆயத்தொலைவில் அது இரண்டு வரிக் கணக்கு. நடுப்புள்ளிகளின் எதிரெதிர் இணைகளைக் கூட்டினால் இரண்டு பக்கமும் நான்கு முனைகளின் கூட்டுத்தொகையில் பாதிதான் வரும், வேலை முடிந்தது. ஆக, குறை ஆயத்தொலைவு முறையில் இல்லை. அந்த முறையிலிருந்து நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு துண்டில், அதாவது தொலைவுச் சூத்திரத்தை ஆறு முறை ஓட்டிப் பெயர் எழுதும் வழக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தக் குறையைப் பார்க்க ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். (0,0), (4,4), (4,0), (0,4) என்று நான்கு புள்ளிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. சடங்கை அப்படியே செய்வோம். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு √32. இரண்டிலிருந்து மூன்றுக்கு 4. மூன்றிலிருந்து நான்குக்கு மறுபடி √32. நான்கிலிருந்து ஒன்றுக்கு 4. எதிர்ப்பக்கங்கள் சமம். அடுத்து மூலைவிட்டங்கள்: ஒன்றிலிருந்து மூன்றுக்கு 4, இரண்டிலிருந்து நான்குக்கு 4. அவையும் சமம். பட்டியலைப் பார்த்தால் விடை செவ்வகம். கழித்தலிலும் வர்க்கத்திலும் வர்க்கமூலத்திலும் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த நான்கு புள்ளிகளும் பக்கம் 4 அலகு உள்ள ஒரு சதுரத்தின் முனைகள். கொடுத்த வரிசையில் இணைத்தாலோ கிடைப்பது செவ்வகமும் இல்லை, சதுரமும் இல்லை. (2,2) என்ற இடத்தில் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு இரண்டு முக்கோணங்களாகப் பிரியும் ஓர் உருவம் அது. பத்தாம் வகுப்பில் படிக்கும் நாற்கரப் பரப்புச் சூத்திரத்தில் இதே வரிசையில் எண்களைப் போட்டால் விடை பூச்சியம் வரும். ஒரு முக்கோணம் வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுற்றுவதால் இரண்டின் பரப்பும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. √32 நீளமும் 4 அகலமும் உள்ளது என்று நாம் இப்போதுதான் சான்றிதழ் கொடுத்த செவ்வகத்துக்குப் பரப்பு இல்லை! எச்சரிக்கை அந்த ஆறு எண்களுக்குள்ளேயே இருந்தது: செவ்வகத்தில் மூலைவிட்டம் எந்தப் பக்கத்தையும்விட நீளமாக இருந்தாக வேண்டும், இங்கே பக்கம் மூலைவிட்டத்தை மிஞ்சி நிற்கிறது. ஆனால் சமமா, சமமில்லையா என்று மட்டும் பார்க்கப் பழகிய கண் எது பெரியது என்று பார்ப்பதில்லை.

இது சதுரத்தை வைத்துச் செய்த ஏதோ ஒரு வித்தை என்று எண்ண வேண்டாம். (0,0), (4,4), (6,0), (2,4) என்ற நான்கைப் பாருங்கள். பக்கங்களின் வர்க்கங்கள் 32, 20, 32, 20. மூலைவிட்டங்களின் வர்க்கங்கள் 36, 4. எதிர்ப்பக்கங்கள் சமம், மூலைவிட்டங்கள் சமமில்லை, எனவே இணைகரம் என்று சடங்கு சொல்லும். உண்மையில் இந்தப் புள்ளிகளை ஒழுங்காகச் சுற்றிவந்தால் கிடைப்பது இருசமபக்கச் சரிவகம். சடங்கு பக்கம் என்று எடுத்துக்கொண்டவற்றில் இரண்டு, சரிவகத்தின் மூலைவிட்டங்கள்; மூலைவிட்டம் என்று எடுத்துக்கொண்ட இரண்டும் சரிவகத்தின் இணைப்பக்கங்கள். அப்படியானால் எதிர்ப்பக்கங்கள் சமமானால் இணைகரம் என்ற தேற்றமே பொய்யா? இல்லை. அந்தத் தேற்றத்தை எப்படி நிறுவுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மூலைவிட்டம் வரைகிறோம், இரண்டு முக்கோணங்களும் ப-ப-ப விதிப்படி சர்வசமம் என்கிறோம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாவதால் எதிர்ப்பக்கங்கள் இணை என்று முடிக்கிறோம். ஒன்றுவிட்ட கோணங்கள் என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மற்ற இரண்டு முனைகளும் மூலைவிட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் (4,4)-உம் (2,4)-உம் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. கரும்பலகையில் படம் வரைந்து நிறுவும்போது படமே அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடுவதால் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆயத்தொலைவுக்கு வரும்போது படம் போய்விடுகிறது, சொல்லாத நிபந்தனையும் அதோடு போய்விடுகிறது.

கட்டடம் கட்டுபவர்கள் இதே விதியைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. அடித்தளத்துக்குக் கயிறு பிடிக்கும் கொத்தனார் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்து சமமாக்கி, பிறகு குறுக்கே இரண்டு மூலைகளையும் அளந்து பார்க்கிறார். குறுக்களவுகள் சமமானால் மூலைகள் நேராக இருக்கின்றன என்று முளையை இறுக்குகிறார். அவருடைய முடிவு எப்போதும் சரி. காரணம், அவர் மனையைச் சுற்றி நடக்கிறார். எந்த முளைக்கு அடுத்தது எந்த முளை என்பதை அவருடைய கால்களே தீர்மானித்துவிடுகின்றன. தேர்வுத்தாளில் இருக்கும் நான்கு சோடி எண்களுக்கு அப்படிச் சுற்றி வந்த கால் எதுவும் இல்லை. நான்கு புள்ளிகளை மூன்று விதமாகச் சுற்றி இணைக்கலாம். எந்தப் புள்ளியும் மற்ற மூன்றின் முக்கோணத்துக்குள் விழாவிட்டால், அந்த மூன்றில் ஒன்றுதான் ஒழுங்கான நாற்கரம். மற்ற இரண்டும் தம்மைத் தாமே வெட்டிக்கொள்பவை. ஒரு புள்ளி உள்ளே விழுந்துவிட்டாலோ நிலைமை இன்னும் வேடிக்கை. மூன்று விதமும் உள்வளைந்த, ஆனால் முறையான நாற்கரங்களைத் தரும், மூன்றும் வெவ்வேறானவை. அப்போது அந்தப் புள்ளிகளால் அமையும் நாற்கரம் எது என்ற கேள்விக்கே ஒற்றை விடை கிடையாது.

இங்கே எழும் மறுப்பு எதிர்பார்க்கக்கூடியதுதான். புள்ளிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளப்பட்டவை என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த ஒப்பந்தம். பாடநூல்களில் பல வினாக்கள் அதை எழுதியும் காட்டுகின்றன. தெரிந்தே குலைத்துக் கொடுத்துவிட்டு முறையைக் குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். முதல் பகுதி உண்மைதான். வரிசையாக என்ற சொல்லைப் போடும் வினாக்கள் உண்டு. பரப்புச் சூத்திரத்தைக் கற்பிக்கும்போது இடஞ்சுழியாக எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பாடத்தில் உயிர்நாடியாக இருக்கும் நிபந்தனை, அதற்கு முந்தைய பாடத்தில் பேச்சுக்கே வராமல் போவது எப்படி நியாயம்? ஒப்பந்தம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று ஒரு முறைகூடப் பார்த்திராத மாணவருக்கு அது ஒப்பந்தமாக இல்லை, தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. வரைபடத்தாளில் குறித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே என்ற இன்னொரு பதிலும் உண்டு. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். குறித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை, வரிசைக் குழப்பத்தை அது உடனே அம்பலப்படுத்திவிடும். கண்ணை நம்பக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் ஆகாது. சதுரமா, சதுரம்போல ஒன்றா என்பதில் கண் ஏமாறும்; கோடுகள் வெட்டிக்கொள்கின்றனவா என்பதில் பெரும்பாலும் ஏமாறாது. சிக்கல் என்னவென்றால், சடங்கில் படத்துக்கு இடம் இல்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லாதபோது நேரம் பார்த்து எழுதும் பிள்ளை ஏன் வரையப் போகிறது?

வரிசையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நீளங்களை மட்டும் ஒப்பிடுவது எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி நிற்கிறது. நான்கு பக்க நீளங்கள் மட்டும் ஒரு நாற்கரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இந்திய மரபுக்குப் பழைய செய்தி. ஏழாம் நூற்றாண்டின் பிரம்மகுப்தர் நான்கு பக்கங்களைக் கொண்டு பரப்புக் காணும் விதியைத் தந்தார். அது வட்டத்துக்குள் அமையும் நாற்கரத்துக்கே துல்லியமாகப் பொருந்தும். 1150-இல் லீலாவதியை எழுதிய இரண்டாம் பாஸ்கரர், மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், அதற்கு விடை சொல்லப் புறப்படுபவரையும் சேர்த்தே கடிந்துகொண்டார். அதே பக்கங்கள், ஆனால் மூலைவிட்டம் மாறினால் உருவமே மாறிவிடும் என்பது அவர் வாதம். நம் சடங்கு மூலைவிட்டங்களையும் அளப்பதால் அந்தப் பழி அதற்குப் பொருந்தாது. ஆறு நீளங்களும் கையில் இருந்தால் உருவம் முழுவதும் தீர்மானமாகிவிட்டது. ஆனால் தீர்மானமான உருவத்திலிருந்து பெயரைப் படித்தெடுக்கச் சமம் பார்ப்பது மட்டும் போதுமா? (0,0), (6,3), (4,5), (0,3) என்ற நாற்கரத்தில் பக்கங்களின் வர்க்கங்கள் 45, 8, 20, 9. மூலைவிட்டங்களின் வர்க்கங்கள் 41, 36. ஆறில் எதுவும் எதற்கும் சமமில்லை. சடங்கு கைவிரித்துவிடும். ஆனால் முதல் பக்கம் 6 வலப்புறம், 3 மேலே போகிறது. மூன்றாம் பக்கம் 4 இடப்புறம், 2 கீழே வருகிறது. இரண்டும் இணை. இது தெளிவான சரிவகம். ஆறு நீளங்களுக்குள்ளும் இந்த உண்மை புதைந்துதான் கிடக்கிறது: சரிவகத்தில் மூலைவிட்டங்களின் வர்க்கக் கூட்டு, சாய்பக்கங்களின் வர்க்கக் கூட்டோடு இணைப்பக்கங்களின் பெருக்கலை இருமுறை சேர்த்ததற்குச் சமம். இங்கே 41-உம் 36-உம் சேர்ந்து 77. 8-உம் 9-உம் 17, அதோடு இருமுறை 30 சேர்ந்தாலும் 77. இப்படித் தோண்டி எடுப்பவர் யார்? சாய்வைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிவது, நீளத்தின் வழியே போனால் தனித் தேற்றம் கேட்கிறது.

இதிலிருந்து ஒரு பாகுபாடு புலப்படுகிறது, அதுதான் இந்தப் பாடத்தின் கரு என்பேன். நாற்கரப் பெயர்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை. இணைகரம், சரிவகம் என்ற பெயர்களுக்கு இணைத்தன்மை மட்டும் போதும்; நீளமும் கோணமும் வேண்டியதில்லை. செவ்வகம், சாய்சதுரம், சதுரம், பட்டம் ஆகியவற்றுக்கு நீளமோ செங்கோணமோ வேண்டும். வரைபடத்தாளில் கிடையச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகும், செங்குத்தச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு அலகும் என அளவுத்திட்டம் போட்டு வரைந்தால், சாய்ந்த சதுரம் படத்தில் கோணிக்கொண்டு இணைகரமாகத் தெரியும். ஆனால் இணைகரம் எவ்வளவு நசுங்கினாலும் இணைகரமாகவே இருக்கும், நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவே இருக்கும். இது தாளோடு நிற்கும் செய்தியும் அல்ல. கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே ஆயத்தொலைவாக எடுத்துக்கொண்டால், சென்னையின் அட்சரேகையில் ஒரு பாகை வடக்கே போவது சுமார் 111 கிலோமீட்டர், ஒரு பாகை கிழக்கே போவது சுமார் 108 கிலோமீட்டர். லடாக்கின் லே நகர அளவில் கிழக்கே போகும் அந்த ஒரு பாகை சுமார் 92 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பாகை எண்களில் தொலைவுச் சூத்திரத்தைப் போட்டுச் சதுரம் என்று அறிவிக்கும் நிலம் தரையில் சதுரமாக இருக்காது. அதே எண்களில் மூலைவிட்டங்களின் நடுப்புள்ளி ஒன்றாக வந்தால், ஒரு வயல் அளவுள்ள நிலத்தில் அது இணைகரம் என்ற முடிவு தரையிலும் செல்லும். எளிய கருவிக்குக் கட்டுப்படும் பண்பை எளிய கருவியால் முதலில் உறுதிசெய்துவிட்டு, கனமான கருவியைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் எடுப்பதுதான் நல்ல கணக்கின் ஒழுங்கு. சடங்கு எடுத்தவுடனேயே கனமான கருவியைத் தூக்குகிறது.

வேலையின் அளவைக் கணக்கிட்டாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஒரு தொலைவுக்கு இரண்டு கழித்தல், இரண்டு வர்க்கம், ஒரு கூட்டல், ஒரு வர்க்கமூலம். ஆறு தொலைவுக்கு 36 செயல்கள். நடுப்புள்ளிச் சோதனைக்கு எதிர்முனைகளின் ஆயத்தொலைவுகளைக் கூட்டினால் போதும், இரண்டால் வகுக்கக்கூட வேண்டாம், நான்கே கூட்டல். மேலே சொன்ன சாய்ந்த சதுரத்தில் ஒன்றும் மூன்றும் சேர்ந்து (4,8), இரண்டும் நான்கும் சேர்ந்து (4,8). இணைகரம் உறுதி. பொய்யாக இணைகரம் என்று பெயர் பெற்ற அந்தச் சரிவகத்தில் ஒரு கூட்டு (6,0), மற்றது (6,8). அங்கேயே தடுத்து நிறுத்தப்படுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது இரண்டு கேள்விகள்: அடுத்தடுத்த பக்கங்கள் சமமா, மூலைவிட்டங்கள் சமமா. இவற்றுக்கும் வர்க்கமூலம் தேவையில்லை, வர்க்கங்களை ஒப்பிட்டால் போதும். √50-ஐ 5√2 என்று சுருக்கி எழுதுவதில் பிள்ளைகள் செலவிடும் மை, இந்த வினாவைப் பொறுத்தவரை முழு வீண். சதுரத்துக்கு இதைவிடக் குறுக்குவழியும் உண்டு. முதல் பக்கம் 3 வலம், 1 மேல் என்றால், அடுத்த பக்கம் 1 இடம், 3 மேல் ஆகியிருக்கும். எண்கள் இடம் மாறி ஒன்றின் குறி மாறினால் தொண்ணூறு பாகை திரும்பியாயிற்று என்பதைக் கட்டத்தாளில் விரலால் காட்டிவிடலாம்.

சடங்கை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் வேறொன்று. எல்லாக் கணக்குக்கும் ஒரே வழி இருந்தால் கணக்கில் பின்தங்கிய பிள்ளையும் படிப்படியாக எழுதி மதிப்பெண் பெறலாம். எந்தச் சோதனையை எப்போது எடுப்பது என்ற தேர்வை அவர்கள் தலையில் வைத்தால் தடுமாறிப்போவார்கள். திருத்துபவருக்கும் படிநிலைகள் ஒரே மாதிரி இருந்தால்தான் சமமாக மதிப்பிட முடியும். இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதம் இல்லை. பொதுத்தேர்வு எழுதுபவர்கள் பல இலட்சம் பேர், திருத்துபவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் நான் கேட்பதும் ஒரே வழிதான், அடிகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன: குறி, கூட்டிப் பார், தேவைப்பட்டால் அள. இது நீளமும் இல்லை, கடினமும் இல்லை. எதிர்முனைக் கூட்டுகள் ஒத்துவராதபோது பக்கங்கள் இணையா என்று நகர்வுகளைப் பார்த்தால் சரிவகம் பிடிபடும். பட்டத்துக்கு நீளமே வேண்டும், அங்கே சடங்குக்கு முழு உரிமை உண்டு. நடுப்புள்ளிச் சோதனைக்கும் ஓட்டை இருக்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. (0,0), (1,1), (3,3), (2,2) என்ற புள்ளிகளில் எதிர்முனைக் கூட்டு இரண்டும் (3,3) வரும். ஆனால் நான்கும் ஒரே கோட்டில் கிடப்பதால் நாற்கரமே இல்லை. இங்கேயும் முதலில் குறித்துப் பார்த்தவருக்கு ஆபத்து இல்லை. சாய்வைப் பயன்படுத்தும் வழியிலும் செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படாத சங்கடம் உண்டு. அதனால்தான் சாய்வு என்ற வகுத்தலைவிட, எவ்வளவு வலம், எவ்வளவு மேல் என்ற நகர்வுகளை அப்படியே ஒப்பிடுவதை விரும்புகிறேன்.

பெயர் சூட்டுவதிலும் ஒரு பழைய கணக்கு தீராமல் கிடக்கிறது. யூக்ளிட் தன் முதல் நூலின் வரையறைகளில் செவ்வகத்தைச் செங்கோணங்கள் உள்ளது, ஆனால் பக்கங்கள் சமமில்லாதது என்றே பிரித்தார். சாய்சதுரம் பக்கங்கள் சமமானது, ஆனால் செங்கோணம் இல்லாதது. அவர் கணக்கில் சதுரம் செவ்வகம் ஆகாது. இன்றைய பாடநூல் வரையறைப்படி சதுரம் ஒரு செவ்வகமும்தான், ஒரு சாய்சதுரமும்தான். ஆனால் வகை கூறுக என்ற வினாவுக்குச் சதுரத்தைச் செவ்வகம் என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறையும். வரையறையில் இன்றைய கணக்கும் விடைக்குறிப்பில் யூக்ளிடும் ஆளும் இந்த இரட்டை ஆட்சியில், சரியானதைச் சொன்ன பிள்ளை தண்டிக்கப்படுகிறது. பொருந்தும் பெயர்களில் மிகக் குறுகியதை எழுதுக என்று வினாவிலேயே சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அப்போது சாய்சதுரம் என்று முடிப்பவர் அது ஏன் சதுரம் இல்லை என்றும் காட்ட வேண்டிவரும், அந்தக் கூடுதல் உழைப்பு நல்லதே.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடநூலை இங்கே பாராட்ட வேண்டும். வகையைக் கேட்கும் அதன் பயிற்சி வினா, நாற்கரம் அமைந்தால் என்ற நிபந்தனையோடு கேட்கிறது. கொடுத்த மூன்று தொகுப்புகளில் ஒன்றில் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் விழுவதால் நாற்கரமே அமைவதில்லை. காரணமும் எழுதச் சொல்கிறது. அந்த ஒரு தொகுப்பு, சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் மாணவரைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் திசையில் இன்னும் இரண்டு அடி வைக்கலாம். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் வேண்டுவது இவ்வளவுதான்: எந்தச் சிறப்புப் பெயரும் பொருந்தாத வெறும் நாற்கரம் ஒன்றையும், வரிசை குலைத்துக் கொடுத்த நான்கு புள்ளிகள் ஒன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கேளுங்கள். வரைபடத்தாளில் குறித்து, எந்த வரிசையில் இணைத்தோம் என்று எழுதும் மாணவருக்கு அந்த ஒரு வரிக்காகவே தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள்.